மடையில் கரைத்த அன்னபேதி

சுந்தரராஜுலுவுக்குத் தம்பியைக் கண்டாலே ஆகாது. சூலூருக்குத் தெற்கே இருந்த பூமியைப் பாகம் பிரித்தபோது கிணற்றோடு சேர்ந்த காடு பாலகோபாலுக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு வானம் பார்த்த மேட்டுக்காடுதான். அன்று மூண்ட பகை அணையவே இல்லை. தடத்தில் எதிரெதிரே வந்தால் இருவரும் காறித் துப்பிவிட்டுத்தான் கடந்து போவார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு செடி ஆராய்ச்சிக்கூடத்தில் சுந்தரராஜுலுவுக்கு உதவியாளர் வேலை. குடுவை கழுவ வேண்டும், உப்புக் கரைசல் கலக்க வேண்டும். தொண்ணூற்றாறில் அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தவள் மதிவதனி. அவள் அப்பா மாசாணம் ஒரு காலத்தில் இவர்கள் காட்டில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடி, இதைக் கொஞ்சம் கலக்கித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்பதே அவருக்கு எரிச்சல். மரியாதை இல்லாமல் கேட்டிருந்தாலும் எரிந்திருப்பார். அந்த மனிதரைத் திருப்திப்படுத்த வழியே கிடையாது.

மதிவதனி தட்டைப்பயறு நாற்றுகளைத் தண்ணீரில் வளர்த்து, இரும்பைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் தம்பி காட்டிலும் தட்டைதான். ஆனால் இலையெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. இந்த வெள்ளாமையும் போனால் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கே போய்விடுவதாக பாலகோபால் டீக்கடையில் புலம்பினானாம். கேட்டதும் சுந்தரராஜுலுவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பயிர் தேறாமல் இருந்தால் போதும், கிணறு கைக்கு வந்துவிடும்.

மறுநாளே மதிவதனியிடம் போய், எவ்வளவு இரும்பு போட்டால் தட்டைச்செடி சாகும் என்று கேட்டார். அவராக வந்து பேசியதே அதுதான் முதல் தடவை. பாவம், அந்தப் பெண் குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் விளக்கினாள். இரும்பு இல்லாமல் செடி பிழைக்காது, மிஞ்சினால் அதுவே விஷம். மிச்சம் உள்ளே வந்ததும் செல் அதை உணர்ந்துவிடும். அதுவரை அடங்கிக் கிடந்த ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். உடனே ஒரு வகைப் புரதம் உற்பத்தியாகி, உருண்டைக் கூடுகளாகச் சேரும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் இரும்பு அணுக்களை அடைத்துவிடலாம். அடைபட்ட இரும்பு செடியை ஒன்றும் செய்யாது. வேண்டும்போது செடியே வெளியே எடுத்துக்கொள்ளும். கூடும் கொள்ளாத அளவுக்குக் கொட்டினால்தான் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து கருகும். அப்படிக் கருகிப்போன நாற்றுத் தட்டு ஒன்றைக்கூடக் காட்டினாள்.

"ஆனா இதெல்லாம் தண்ணியில வளர்றதுங்க. மண்ணுன்னா..." என்று அவள் தொடர்வதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார். வேண்டியது கிடைத்துவிட்டது, மாசாணம் மகளிடம் கைகட்டிப் பாடம் கேட்க அவருக்கென்ன தலையெழுத்து?

அவிநாசித் தேர்த் திருவிழாவுக்குத் தம்பி குடும்பத்தோடு போயிருந்தான். சுந்தரராஜுலு உரக்கடையில் வாங்கிய ஒரு மூட்டை அன்னபேதியோடு தம்பி காட்டுக்குள் நுழைந்தார். இரும்புச் சத்துள்ள பச்சை உப்பு அது. மோட்டாரைப் போட்டுவிட்டு, மடையில் உட்கார்ந்து முழுவதையும் கரைத்துவிட்டார். வேட்டியெல்லாம் துருக்கறை. அது எத்தனை வெளுத்தும் போகவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வரப்பேறிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. இலை ஒன்றுகூடக் கருகவில்லை. மஞ்சள் மறைந்து காடே பச்சைப்பசேலென்று நின்றது. ஆத்திரம் தாங்காமல் மதிவதனியிடமே போய்ச் சண்டைக்கு நின்றார். அவள் கேட்டது ஒன்றுதான்: மண்ணில் சுக்கான்கல் உண்டா? உண்டு என்றார்.

"சுண்ணாம்பு மண்ணு இரும்பப் புடிச்சு வெச்சுக்குமுங்க. செடி பட்டினி கெடந்துதான் மஞ்சளாகுது. அதுக்கு அன்னபேதிதானுங்க மருந்தே. கொஞ்சம் மிஞ்சிப் போனாலும் செடி உள்ள பூட்டி வெச்சுக்கும். அன்னைக்கு இதத்தான் சொல்ல வந்தனுங்க, நீங்க போயிட்டீங்க."

காய் பறித்து முடித்த வாரம், டீக்கடையில் பாலகோபால் நேரே அண்ணனிடம் வந்தான். பாகம் பிரித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன். அவருடைய வேட்டியின் துருக்கறையை நிதானமாகப் பார்த்தான். தன் மடையிலும் அதே கறைதான் படிந்து கிடந்தது.

"ஏனுங்ணா, காட்ட விக்கலீங்க. அடுத்த போகமும் மஞ்சளாச்சுன்னா சொல்லி உடறேன். நீங்களே வந்து கரைச்சுப் போடுங்க."

கடையே சிரித்தது. வழக்கம்போல் காறித் துப்ப சுந்தரராஜுலு வாயைத் திறந்தார், எச்சில் வறண்டிருந்தது.