அவள் கூடையில் போட்ட இறால்

இறால் கம்பெனியில் உரிக்கிற மிஷின் வந்து இறங்கிய அன்றே யார் யார் வேலை போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். ஹார்பர் வாசலில் நின்று கண்டெய்னர் நம்பர் குறிக்கும் என் தம்பியின் வேலையை, அங்கே மாட்டிய கேமரா பிடுங்கிக்கொண்டது போன வருஷம்தான். அவன் பெண்டாட்டியும் நானும் மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரே வேனில் வந்து, ஒரே மேஜையில் நின்று இறால் உரிக்கிறவர்கள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

"மிஷின் விட்டத உரிக்க பாதிப் பேரு போதும். இந்த வாரம் யாரு எவ்வளவு உரிக்கீங்கன்னு தராசே சொல்லிரும்," என்றார் சூப்பர்வைசர். புதுத் தராசு. கூடையை வைத்து, கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கணக்கு நேரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

பார்த்து அந்த வாரமா தம்பி பெண்டாட்டி விரலில் இறால் முள் ஏற வேண்டும்! பெருவிரல் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கிளவுஸுக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால், சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுவோம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அந்த வாரமும் போட்டோம். நான்தான் அதிகம் போட்டேன்.

"போதும் மைனி, ஒங்க கூடையப் பாருங்க," என்றாள்.

"ஏளா, சும்மா இரு. எங் கையை எவ மிஞ்சிருவா?" என்றேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

சனிக்கிழமை சூப்பர்வைசர் போனைப் பார்த்து, வேலையில் இருக்கப்போகிறவர்களின் பெயர்களை வாசித்தார். முதல் பெயர் அவளுடையது. என் பெயர் வரவே இல்லை. அள்ளிக் கொடுத்தவர்களில் ஒருத்தி பெயரும் வரவில்லை. நாசமாய்ப் போகிற தராசு! கூடையில் இருந்ததை எடை போட்டது. உரித்தது எவள் கை என்று அதற்கு என்ன தெரியும்?

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார், அது எங் கணக்கு இல்ல..." என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். வீங்கிய கை. ஐயோ என்று அலறிவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"சந்தோசத்துல கத்திட்டா சார்," என்றேன்.

வேனை விட்டு ஊரில் இறங்கும்போது அவள் கேட்டாள்.

"திங்கக்கெழம எங் கூடையில யாரு மைனி போடுவா?"