ஞானதாஸ் கழற்றிப் பார்த்த குழாய்

போன புதன்கிழமை காலை, கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது என் தங்கை மகள் செல்வி ஃபோன் செய்தாள். "மாமா, ஞானதாஸ் சார் போயிட்டாரு" என்றாள். இந்த வருஷம் எனக்கு இது நாலாவது சாவுச் செய்தி. பாறசாலைக்கு பஸ் ஏறிப் போய், சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மண் போட்டுவிட்டு வந்தேன். உடம்பு அசதியா, மனசு அசதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவரை உங்களில் பாதிப் பேருக்கு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் தெரியும், மீதிப் பேருக்கு எங்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தெரியும். லேபில் மெக்கானிக். என் ஹார்டுவேர் கடைக்கு இருபது வருஷம் சாமான் வாங்க வந்தவர். நான் ஒரு பைப்புக்கு நாலு பெருமை சொல்லுவேன். அவர் பைப் முனையின் திருகு மரையை விரலால் தடவிக்கொண்டே, "அண்ணாச்சி, பைப்பை மட்டும் தாரும். கதை எனக்கு வீட்டுலயே இருக்கு" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் செல்வி அந்தக் காலேஜில் எம்.டெக். படித்தாள். கடைசி வருஷ ஆராய்ச்சிக்கு விஷயம் தேர்ந்தெடுக்க வேண்டும். அணு உலை சம்பந்தமாக ரெண்டு வழி இருந்தது. ஒன்று, கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது. இன்னொன்று, கையால் ஒரு குழாய் வளையம் கட்டிப் பார்ப்பது. கரண்டு போய் பம்பு நின்றாலும், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ஆறி, கீழே இறங்கி, சுற்றிச் சுற்றி உலையைக் குளிரவைக்குமா என்று அதில் பார்க்கலாம். அணு ஒன்றும் கிடையாது, அதற்குப் பதில் ஒரு ஹீட்டர். ஒன்பதாம் கிளாஸோடு நின்றவன் நான், எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் என்றார்கள். குறித்த நாளில் முடியும், கையில் அழுக்குப் படாது. செல்வி ஞானதாஸிடம் போய்க் கேட்டாள். அவர் லேபில் என்ன இருக்கிறது, எதை வெளியே வாங்க வேண்டும், எத்தனை மாசம் கையில் இருக்கிறது என்று வரிசையாக விசாரித்திருக்கிறார். கடைசியில் சொன்னது இதுதான்: "கெட்டுப் போனா நீயே திறந்து பாக்கக்கூடியதை எடு, மோளே. திறக்க முடியாததுன்னா வேண்டாம்."

அவள் குழாயை எடுத்தாள். எங்கள் வீட்டில் அணு உலை கட்டுகிறோம் என்று நான் சாலை முழுக்கச் சொல்லிவிட்டேன். வெங்காய மண்டிக்காரர் ஒருவர் ஒரு வாரம் என் கடைப் பக்கமே வரவில்லை.

குழாய்களை இணைக்கிற சமயத்தில் ஞானதாஸ் மனைவியின் ஆபரேஷனுக்காக லீவில் போனார். தான் வரும்வரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்கவில்லை. திருவனந்தபுரத்தில் பாதி வீட்டுக் குழாய் நான் பூட்டியது. அரண்மனையில்கூடப் பூட்டியிருக்கிறேன், காவல்காரர் குவார்ட்டர்ஸும் அரண்மனைதானே. வீட்டுக் குழாய்க்குச் செய்கிற மாதிரியே மரையில் சணல் சுற்றி, பெயிண்ட் தடவி, எல்லா இணைப்பையும் ஒரே நாளில் முறுக்கிக் கொடுத்தேன். ஞானதாஸ் திரும்பி வந்து ஒவ்வொன்றையும் வெளியே தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஹீட்டரைப் போட்டார்கள். வளையத்தில் ஒரு பக்கம் கண்ணாடிக் குழாய். அதில் ஒரு துளி சாயம் விட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று செல்வி கடிகாரம் பிடித்துக் குறிப்பாள். முதல் நாள் நன்றாக ஓடியது. நாளுக்கு நாள் குறைந்தது. ரெண்டு வாரத்தில் சாயம் அப்படியே நின்றது. இதை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறிவிடு, இப்போது மாறினாலாவது இந்த வருஷம் தப்பும் என்று புரொபசர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிடவில்லை. தன் கணக்கே தப்பு, தண்ணீர் சுற்றாது போல என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞானதாஸ் தண்ணீரை வடித்து, கீழ் வளைவைக் கழற்றியிருக்கிறார். மத்தியானம் கடைக்கு வந்து, பத்திரிகைத் தாளில் மடித்ததை என் மேஜைமேல் விரித்தார். இளகிய பெயிண்டில் ஊறிய சணல் பிசிறு. கம்பெனியிலிருந்தே வந்திருக்கும் என்றேன். அவர் தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். நீங்கள் லேப் ஆள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.

"கட்டினது நீரு. நீரு சொன்னாத்தான் அந்தப் பிள்ள கணக்கு செரின்னு ஆகும். இன்னைக்கு விஷயத்த மாத்துற பேப்பர்ல அவ ஒப்பு போட்டுட்டான்னா முடிஞ்சுது. வாரும்."

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் நான் தயார் செய்தேன். பெயிண்டின் தரம், மரையின் கோளாறு, மழைக்கால ஈரம் என்று ஒன்றொன்றாக அவரிடம் ஒப்பித்துப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுருக்கமா, அண்ணாச்சி" என்றார்.

புரொபசர் அறையில் செல்வி விஷயம் மாற்றும் விண்ணப்பத்தோடு நின்றாள். பேனா மூடி திறந்திருந்தது.

"நான்தான் சார் சணல் வச்சுக் கட்டினேன். அதுதான் அடச்சிருக்கு."

பக்கத்தில் ஞானதாஸ் சொன்னார்: "நான் வெளிய தடவிப் பாத்துட்டு செரின்னேன், சார். உள்ள பாக்கல."

புரொபசர் விண்ணப்பத்தை வாங்கி டிராயரில் போட்டார். மூன்று வாரம் தந்தார். ஞானதாஸ் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்ற, நான் ரெஞ்ச் பிடித்தேன். உள்ளே கழுவி, சணலுக்குப் பதில் வெள்ளை டேப் சுற்றிப் பூட்டினோம். சாயம் ஓடியது. கெட்டுப்போன ரெண்டு வாரக் குறிப்பைக் கிழித்துப் போடு என்று நான் செல்வியிடம் சொன்னேன். அதையும் சேர்த்துப் போடு, ஏன் நின்றது என்றும் எழுது என்றார் ஞானதாஸ். அவள் எழுதினாள். பட்டம் வாங்கினாள். இன்று அவளுக்கு அதே துறையில் வேலை.

சர்ச்சிலிருந்து திரும்பும்போது, இந்த மனிதரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த அறையில் அவர் என்னைச் சொல்ல வைத்த ரெண்டு வரிதான். நான் சொல்லும் மற்ற கதைகளெல்லாம் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகின்றன. அது மட்டும் அன்றைக்கு இருந்த நீளத்திலேயே இருக்கிறது.