கொளஞ்சி பார்த்துக் கொடுத்த கத்தி

பீங்கான் தொழிற்பேட்டையில் யாராவது மடக்குக் கத்தி வாங்கினால் மறுநாளே கொளஞ்சியிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் தலையாட்டினால் கத்தி இடுப்பில் ஏறும். உதட்டைப் பிதுக்கினால் கடைக்கே திரும்பிவிடும். அவரோ சூளையில் சரக்கு அடுக்குகிற ஆள். கத்திக்கும் அவர் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் மனிதருக்குக் கத்தி என்றால் அப்படியொரு பித்து. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் பாக்கல" என்று மனைவி செல்வநாயகி சிரிப்பாள்.

ஒழுங்காகத்தான் பார்ப்பார், அதைச் சொல்லியாக வேண்டும். காதருகே வைத்து ஆட்டுவார்; ஆணி தளர்ந்திருந்தால் சத்தம் வரும். முன்கை மயிரைச் சிரைத்துக் கூர் பார்ப்பார். கடைசியாக, விரித்த அலகின் முதுகைப் பலகையில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்துவார். உள்ளே இருக்கிற சின்னத் தகடு அலகின் அடியில் முட்டி நின்றால் கத்தி மடங்காது. அதுதான் பூட்டு. மலிவுக் கத்தி என்றால் அந்த இடத்தில்தான் பல்லைக் காட்டும்.

2006 ஆடி மாதத்தில் காசியம்மாள் ஒரு கறுப்புப் பிடிக் கத்தியோடு வந்தாள். பேட்டையின் மறுகோடியில் இன்னொரு கம்பெனியில், ஈரம் காயாத பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவுகிறவள். இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடின் உடைந்த துண்டை இடுப்பில் செருகிச் செருகிக் கீறல் வாங்கி அலுத்துப்போய், மங்கலம்பேட்டைக் கடையில் மலிவாக வாங்கியிருந்தாள். கொளஞ்சி எல்லாம் பார்த்தார். பூட்டு கல்லாக நின்றது.

"கண்ண மூடிக்கிட்டு வச்சிக்க தங்கச்சி" என்றார்.

மறுநாள் பதினோரு மணி டீக்கு, மண் கரைசல் கலக்குகிற நந்தகுமார் அதே கறுப்புப் பிடிக் கத்தியை நீட்டினான். அவனும் அதே கடையில் வாங்கியிருந்தான்.

"ரெண்டு நாளாத் தெறக்கறப்போ நறநறன்னு இருக்குதுண்ணா. கொஞ்சம் பாருங்க."

கொளஞ்சி விரித்தார். 'டக்' என்கிற சத்தம் வரவில்லை. விரிந்துதான் நின்றது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. முதுகைப் பலகையில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். சடாரென்று மடங்கியது. விரலை இழுத்துக்கொண்டது அவர் நல்ல நேரம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகடு வந்து உட்காருகிற இடுக்கில் மண் கரைசல் புகுந்து, காய்ந்து, வெள்ளையாக இறுகிக் கிடந்தது. பூட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

சூளைக்காரன் கைக்கு மண் காய்ந்த பிறகுதான் வரும். இத்தனை வருடத்தில் ஒரு கத்தியையாவது சேற்றில் முக்கி, காயவைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. காசியம்மாளோ காலை எட்டு மணியிலிருந்து ஈர மண்ணில்தான் சீவிக்கொண்டிருப்பாள்.

அவளிடம் போன் கிடையாது. பாதி அடுக்கிய சூளையை அப்படியே போட்டுவிட்டு நந்தகுமாரின் சைக்கிளை எடுத்தார். "எங்க போறீங்க, முதலாளி வந்தா என்னா சொல்றது?" என்று அவன் கத்தியது காதில் விழவே இல்லை. வழியை மறித்துக்கொண்டு ஒரு மண் லாரி ரிவர்ஸில் வந்தது. அதன் டிரைவரை அன்று கொளஞ்சி திட்டிய திட்டை எழுத முடியாது. மிதிக்க மிதிக்க அவள் விரல்கள்தான் கண்ணில் நின்றன. தாயே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

கொட்டகைக்குள் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் கடைசியில். வலது கையில் அந்தக் கறுப்புக் கத்தி. பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். திடுக்கிட்டு அலகின் முதுகு எதிலாவது இடித்தால் போதும், மடங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தியை வாங்கிக் கீழே வைத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அவள் இடது கையைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

"கையில என்னாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணா."

"காட்டு."

ஆள்காட்டி விரலில் புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. முழுக்கச் சிவப்பு.

"கத்திய நல்லாத்தாண்ணா வச்சிருக்கேன்" என்றாள், அவர் திட்ட வந்ததாக நினைத்து. "நீங்க பாத்துக் குடுத்தத குத்தம் சொல்ல முடியுமா? எனக்குத்தான் இன்னும் கை பழகல. ரத்தம் பட்டு நாலு கட்டை வீணாப்போச்சின்னு மேஸ்திரி ஏசுனாரு. நானும் என் கையத்தான் திட்டிக்கிட்டேன்."

கொளஞ்சிக்கு அவமானமாக இருந்தது. கத்தியை எடுத்து, எல்லாப் பெண்களும் பார்க்க, முதுகைப் பலகையில் அழுத்தினார். மடங்கியது.

"ஒன் கை தப்பு இல்ல தங்கச்சி. நான் பாத்ததுதான் தப்பு. கட்டு போட்டுக்கிட்டு வந்துரலாம் வா. அதுக்கு முன்னாடி மேஸ்திரிகிட்ட நான் சொல்லிடறேன்."

காசியம்மாள் மடங்கிக் கிடந்த கத்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். "நீங்க சொன்னா நம்புவாரு."