ஹேமாவதியின் பதினோராவது சாயம்

திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் விஜயராகவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கும் மனைவியைப் பார்த்து, ஸ்டாண்டே கேட்கும்படி, “இன்னிக்கும் சாயம் வெளுத்துடுச்சா?” என்பான்.

மனைவி ஹேமாவதி, ஆர்.கே.பேட்டையில் தறி நூலுக்குச் சாயம் போடும் வீட்டுப் பெண். பத்து வயதிலேயே விரலெல்லாம் நீலம். வேதியியல் படித்துச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே என்ன வேலை? அதுவும் சாயம்தான், போங்கள்! உலோகம் கலக்காத கரிமச் சாயம். வெளிச்சம் பட்டால் அது எலெக்ட்ரானை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் வினையூக்கியிடம் கொடுக்கும். வினையூக்கி அதைக் கொண்டு கரியமில வாயுவை எரிபொருள் வாயுவாக மாற்றும்.

மாற்றினால்தானே! அவள் செய்த பத்துச் சாயங்களும் விளக்கு முன்னால் ஒரே மணி நேரத்தில் வெளுத்துப்போயின. பதினோராவதும் வெளுத்தால் இந்த வேலையையே மூட்டை கட்டிவிடலாம் என்று பேராசிரியை கல்பனா சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு!

வெள்ளிக்கிழமை அதுவும் வெளுத்தது. நல்ல ஊதா, வெளிறிய மஞ்சளாகி நின்றது.

“கொட்டிடும்மா,” என்றார் கல்பனா.

குப்பியோடு கழிவு கேன் வரை போனவள் சட்டென்று நின்றாள். இந்த மஞ்சளை எங்கோ பார்த்திருக்கிறோமே! வீட்டுச் சாயத் தொட்டியில்தான். நீலச் சாயத்துக்குள் நூல் மஞ்சளாகத்தான் கிடக்கும். தூக்கிக் காற்றில் உதறினால்தான் நீலம் ஏறும்.

மூடியைத் திறந்து குலுக்கினாள். குபீரென்று ஊதா திரும்பி வந்தது.

“மேடம்! இது சாவல மேடம்! வாங்கினத குடுக்க ஆளில்லாம கையில வச்சிகினு நிக்குது!”

கல்பனா ஓடி வந்து பார்த்தார். கோளாறு சாயத்தில் இல்லை, வினையூக்கிதான் போதவில்லை.

“ஐயோ, முன்ன செஞ்ச பத்தையும் கொட்டிட்டமே மேடம்!”

“மறுபடி செய். நீதான் இங்கயே இருக்கப் போறியே!”

மறுநாள் வினையூக்கியைக் கூட்டிப் புதுக் குப்பி வைத்தார்கள். ஆறு மணி நேரம் ஊதா அப்படியே நின்றது. கருவித் திரையில் வாயுவின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஹேமாவதி சிரித்தாள், அழுதாள், பிறகு மறுபடியும் சிரித்தாள்.

சாயங்காலம் ஸ்டாண்டில் அதே கேள்வி காத்திருந்தது.

“வெளுக்கல பாவா,” என்றாள்.

விஜயராகவன் ஆட்டோ படியின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஸ்டாண்டே கேட்கும்படி கத்தினான்: “கேட்டுக்கங்கப்பா, எங்க வூட்டு சாயம் வெளுக்கல!”