துருவேறிய பதினான்கு வார்ப்புகள்

முத்தியால்பேட்டைப் பட்டறையின் பின்முற்றத்தில் பதினான்கு இரும்பு வார்ப்புகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. தெரியாதவர் கண்ணுக்குச் சுத்தக் குப்பை. லேத் மிஷினின் அடிப்பாகம் அவை. வார்த்த கையோடு இழைத்துவிட்டால் பின்னால் வளைந்து தொலைக்கும். ஒரு வருஷமாவது வெளியே கிடந்தால்தான் இரும்பு அடங்கும். துரு ஏற ஏற அதற்கு மதிப்புதான். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது நன்றாகவே தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் இருக்கும். முதலாளி திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மூன்று பெண்களை வைத்துக்கொண்டு முதலாளியம்மா பட்டறையா நடத்துவார்? வெளியாள் ஒருவர் சரக்கை மதிப்புப் போட்டுச் சொல்லும் விலைக்குப் பட்டறை மேஸ்திரியே எடுத்துக்கொள்வதாகப் பேச்சாயிற்று. விலை குறையக் குறைய அவருக்கு லாபம். “உன் வேல எங்கயும் போவாது. நாளைக்கு மதிப்புப் போடறப்ப நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்” என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம்.

மதிப்புப் போட மெட்ராஸிலிருந்து வந்தவர் படித்த மனிதர். முடிந்த லேத்துகள், துளை போடும் மிஷின்கள், பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதினார். பிறகு பின்கதவைத் திறந்து, வார்ப்புகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இதென்ன, பழைய இரும்பா?”

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். கூடவே வந்த முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். “அவரு தெனம் இங்க வந்து நின்னு பாப்பாரே. ஒண்ணுத்துக்கும் ஒதவாதா தம்பி?”

ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் முடிந்தது. மேஸ்திரி செருமினார்.

“எடைக்குத்தாம்மா போவும்” என்றேன்.

அந்த அம்மா தலையாட்டினார். என்னை அப்படியே நம்பிவிட்டார். பயந்தாங்கொள்ளி நான்; இத்தனை வயசுக்கு மேல் அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? வேலை மட்டும் நிலைத்தது.

மறுவருஷம் அந்தப் பதினான்கில் முதலாவது லேத்தாகி விற்றது. மேஸ்திரி எல்லோருக்கும் லட்டு வாங்கினார். ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்து, “முதலாளியம்மா வூட்ல குடுத்துட்டு வா” என்றார். மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! எனக்கும்தான், போனேனே. ஒற்றை அறை வாடகை வீடு. மூத்த பெண் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா பொட்டலத்தை முதலாளி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். “அன்னிக்கு நீ கூட இருந்ததாலதான் ஏமாறாம வித்தேன் தம்பி” என்று சொல்லி, ஒரு லட்டை எடுத்து என்னிடமே நீட்டினார்.

வாங்கித் தின்றேன்.