வாங்காத டி.சி.

அறந்தாங்கிக்கும் கட்டுமாவடிக்கும் நடுவில் குடும்பம் நடத்துகிற எனக்குச் சட்டசபை எப்போது கூடினால் என்ன, எப்போது கலைந்தால் என்ன? ஆனால் அந்தக் கோடையில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுவிடும். அதை மேல்நிலைப்பள்ளி ஆக்கப் போகிறார்கள், கல்வித்துறை மானியக் கோரிக்கை அன்று சபையில் அறிவிப்பு வரும் என்று என் கொழுந்தனார் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. வீட்டுக்காரர் குவைத்தில் இருப்பதால் எனக்கு நல்லது கெட்டதுக்கு அவர்தான்.

“பத்தாவது முடிச்ச பிள்ளைங்க யாரும் டி.சி. வாங்கிராதீங்க அண்ணி. பிள்ளைங்களே இல்லைன்னா பிளஸ் ஒன் யாருக்குன்னு கேப்பாங்க” என்றார்.

என் மகளுக்கு நர்சிங் ஆசை. அதற்கு உயிரியல் பிரிவு வேண்டும். மார்க் வந்தது. அறந்தாங்கியில் இடம் நிரம்புகிறது என்றார்கள். டிவியில் சபையைக் காட்டக் காணோமே என்று அவரிடம் கேட்டேன்.

“நடுவுல லீவு விட்ருக்காங்க. கல்வித்துறை இன்னும் வரலை. கேரளாவுல பாருங்க, இப்பவும் சபை நடக்குது.”

எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். “ஆமாக்கா, இங்க நடக்குது” என்றான். அங்கே நடந்தால் இங்கேயும் நடக்கும் என்று நம்பிய மேதாவி நான். ஆறு மாதத்துக்கு மேல் கூடாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். எப்போது கூடுவது, எத்தனை நாள் உட்காருவது என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் பாடு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பள்ளி திறக்கும் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். என் மகளோடு பத்தாவது படித்த அவர் மகள், கண்ணாடி முன்னால் நின்று அறந்தாங்கிப் பள்ளிச் சீருடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க் வந்ததுமே டி.சி. வாங்கி உயிரியல் பிரிவில் சேர்த்தாயிற்றாம். அவளே வெள்ளந்தியாகச் சொன்னாள்.

அப்புறம்தான் விசாரித்தேன். நம் சபை மார்க் வருவதற்கு முன்பே தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. கல்வித்துறையும் வந்து போயிருந்தது, அதில் எங்கள் ஊர் இல்லை. அவருக்கு அன்றைக்கே தெரியும். அடுத்த முறை கேட்பதற்கு ஊரில் பிள்ளைகள் மிச்சம் இருக்க வேண்டுமாம், தன் பிள்ளையைத் தவிர. ஊரார் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அறந்தாங்கியில் என் மகளுக்குக் கிடைத்தது வணிகவியல். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

நடுவில் ஐப்பசியில் பேருக்கு நாலு நாள் கூடிய சபை, தை மாதம் கவர்னர் உரையோடு மறுபடியும் கூடுகிறது என்று கொழுந்தனார் மனுவோடு வந்தார்.

“இந்தத் தடவை கட்டாயம் வந்துரும் அண்ணி. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“போடுறேன். அறந்தாங்கில இருந்து ஒங்க மக டி.சி.யை வாங்கிட்டு வாங்க.”

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினார். உள்ளே என் மகள் கணக்குப்பதிவியலைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.