படிக்கட்டுக்கு ஸ்தோத்திரம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிடுவார். முடிச்சூரில் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த அன்று, முழங்கால் தண்ணீரில் மூச்சிரைக்க நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த முதல் பொருள், காலி காஸ் சிலிண்டர். நிறைந்த சிலிண்டர் பக்கத்திலேயேதான் நின்றது. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கனமாக இருந்தது, ஒன்று லேசாக இருந்தது. லேசானதை எடுத்துக்கொண்டேன். மாடியில் இறக்கி வைத்துவிட்டு, ஏதோ குழந்தையைக் காப்பாற்றியவன் மாதிரி நிமிர்ந்தபோது அக்கா கேட்டார்: "சரிடா, அடுப்பு எங்க?"

அடுப்பும் கீழேதான் இருந்தது.

இப்படிப்பட்டவனிடம் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கான மலரில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து நாலு பேரைச் சிரிக்க வைப்பவன் நான். இதிலும் சிரிப்பு எங்கேயாவது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார், மண்டையில் குட்டியிருப்பார்.

அக்கா பிறந்தது மேற்குத் தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். வீட்டுக்கு மூத்தவர். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் இருந்தார். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ரயில்வே மருத்துவமனை வராந்தாவில் அக்காவும் நானும் காத்திருந்தோம். அம்மா உள்ளே இருந்தார். எந்தக் கதவு திறந்து யார் வந்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்தேயிருந்தது. அப்போது அக்கா வாய்க்குள் சொன்னார்: "இந்த பெஞ்சுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே."

"எந்த பெஞ்சுக்கா?" என்று நான் கேட்டேன்.

"இதோ, நீ உக்காந்திருக்கற பெஞ்சுதான். அப்பாவைக் குடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலடா. பயமா இருக்கு. அதான் கண்ணுல பட்டதுக்குச் சொன்னேன்."

அப்பா திரும்பி வரவில்லை. ஆனால் அக்காவின் அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியது. நம் குடும்பத்தில் அதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. கேலியில் தலைமை வகித்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பயம் வந்தால் முதலில் எதையும் கேட்கக் கூடாது. கண் முன்னால் இருக்கிற ஒன்றைப் பெயர் சொல்லி, அதற்கு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். பிறகு ஒரு பாட்டு. அதன் பிறகுதான் விண்ணப்பம். அவர் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் இதுதான் வரிசை. வரிசையை மீறி "ஆண்டவரே, எனக்கு ஒரு இன்க்ரிமெண்ட்" என்று நான் ஆரம்பித்தால், கண்ணைத் திறக்காமலே என் தொடையைக் கிள்ளுவார்.

அப்பாவின் வேலைக்குப் பதிலாக அக்காவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. படிப்பை விட்டுவிட்டு டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "சில்லறையா குடுங்க!" என்று அவர் சொன்னால் நடைமேடை வரை கேட்கும். அந்தக் குரலில் ஓய்வு பெறும் வரை குறையொன்றும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அம்மா மருந்து சாப்பிட்டார்.

அக்காவைத் தைரியசாலி என்று நம் உறவுக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. அக்கா பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிப்டுக்குப் பயம். தினமும் ரயில் நிலையத்துக்கே வேலைக்குப் போய்க்கொண்டு, ரயில்வே கேட் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவர். அவ்வளவு பயம் உள்ளவருக்குத்தான் அவ்வளவு ஸ்தோத்திரம் தேவைப்பட்டது.

மின்வாரியத்தில் வேலை பார்த்த மாமாவைக் கைப்பிடித்தார். மாமா நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் இரண்டு "ம்". இருவரும் கடன் வாங்கி முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். மாடியில் ஓர் அறை வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். "எதுக்கும்மா வீண் செலவு?" என்று மாமா கேட்டார். "இருக்கட்டுங்க" என்றார் அக்கா. மாடிப்படியில் மூன்று நான்கு படிக்கு ஒரு தொட்டி வைத்தார்: கீழே ஓமவல்லி, அதற்கு மேல் கற்றாழை, அப்புறம் ரோஜா, அப்புறம் செம்பருத்தி, உச்சியில் ஒரு மணி பிளான்ட்.

அவர்களுடைய மகள் வெளியூரில் படிக்கப் போன சமயத்தில் அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. இயந்திரம்தான் எடுக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளம் வந்த அந்த மழையில் ஒரு முறை தவறியிருந்தது. இரண்டாவதற்கு எப்படியாவது அழைத்துப்போகலாம் என்று மேடவாக்கத்திலிருந்து காலையிலேயே காரில் வந்தேன். வந்தது வந்தேன், திரும்பிப் போகத் தெரு இல்லை. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள், உடைந்துவிட்டது என்றார்கள். எதுவானாலும் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. என் கார் முதலில் கொஞ்சம் அசைந்தது, பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி எதிர்வீட்டுக் காம்பவுண்டில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

அக்காவை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. படிக்கட்டைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். "பாக்காம இருந்தா இன்னும் பயமா இருக்குடா" என்றார்.

ஓமவல்லித் தொட்டி போனது. கொஞ்ச நேரத்தில் கற்றாழை. கறுப்புத் தண்ணீர், சத்தமே இல்லாமல். சத்தம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. கீழே சமையலறையில் நான் விட்டுவிட்டு வந்த நிறைந்த சிலிண்டர் மிதந்துபோய்ச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. டம். நிறுத்தம். டம். யாரோ கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தட்டுவதுபோல இருந்தது. செல்போன்கள் செத்துவிட்டன. மின்சாரம் இல்லை. அக்காவின் பாதங்கள் செருப்புக்குள் நுழைய மறுத்தன. வெளியே தண்ணீர் ஒரு படி ஏறினால் உள்ளேயும் ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. அதை மூன்று பேருமே கவனித்தோம்.

"தம்பி, ஆரம்பி" என்றார் அக்கா.

"எதுக்குன்னு சொல்றதுக்கா? எல்லாந்தான் முழுகிடுச்சே."

"முழுகாத ஒண்ணைச் சொல்லு."

நான் என் வழக்கப்படி, "எதிர்வீட்டுக்காரர் பைக் என் காருக்கு முன்னாடியே முழுகினதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அக்கா சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நெஞ்சுக்குள் ஏதோ நுரைக்கிற சத்தம் கேட்டது. நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அப்போது மாமா, நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மாமா, சொன்னார்: "படிக்கட்டுக்கு ஸ்தோத்திரம்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். வீண் செலவு என்று சொன்னவர் அவர்தானே. அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. பாட ஆரம்பித்தார். கவுன்டர் குரலில் பாதிகூட இல்லை, ஆனாலும் பாடினார். நாங்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டோம். ஒரு பாட்டு முடிந்தால் இன்னொரு பாட்டு. துதிக்கத் துதிக்க எனக்கே கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. டம் டம் சத்தம் காதில் விழவில்லை.

விழாதது அது மட்டுமல்ல. பாட்டு நின்ற இடைவெளியில்தான் மோட்டார் சத்தம் கேட்டது. மாமா துண்டை உதறிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். நானும் ஓடினேன். ஒரு படகு எங்கள் தெருவைத் தாண்டி, முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தினோம். மழையில் அது எங்கே கேட்கும்? போய்விட்டது.

கீழே இறங்கி வந்து நான் சொன்னதை அச்சில் போட வேண்டுமா என்று யோசித்தேன். போடத்தான் வேண்டும், அக்கா எதைத் தாங்கினார் என்று தெரிய வேண்டுமே. "நீ பாடினதுலதான்க்கா போச்சு! வாய மூடிக்கினு இருந்திருந்தா கேட்டிருக்கும்!" என்றேன்.

ரோஜாத் தொட்டி தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மூழ்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அக்கா, "ஆண்டவரே, நான் தப்பா பாடிட்டேனா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை, அப்பா இறந்த அன்று வராந்தாவில்கூட நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் ஒன்றைத்தான் அவர் வாழ்க்கை முழுக்கக் கையில் பிடித்திருந்தார். அதுவே படகை விரட்டிவிட்டதென்றால் பிடிக்க வேறென்ன இருக்கிறது?

டம். கீழே மறுபடி தட்டியது. செம்பருத்தியின் அடியைத் தண்ணீர் தொட்டது. அக்காவின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது.

நெடுநேரம் கழித்து அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மூச்சு இல்லடா. நீ எடு பாட்டை."

"நானா? படகு வர்றதுனாலும் வராதுக்கா."

"எடுடா."

எனக்குப் பாட வராது. ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். இருந்தும் எடுத்தேன். முதல் வரியிலேயே சுருதி உச்சத்துக்குப் போய்விட்டது; இறக்க வழி தெரியாமல் அங்கேயே நின்று கத்தினேன். அழுகையும் கலந்துவிட்டது. மாமா கீழிருந்து அள்ளிவந்த சாமான்களிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து, நான் காப்பாற்றிய காலி சிலிண்டரில் தாளம் தட்டினார். கோயில் மணி மாதிரி அது அதிர்ந்தது. அக்கா சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். நம்பிக்கையோடு பாடினேன் என்று சொன்னால் பொய். பயத்தில் பாடினேன். நிறுத்தினால் அக்காவும் நின்றுவிடுவார் என்று பாடினேன்.

படகு திரும்பி வந்தது. கடற்கரையிலிருந்து மீட்புக்கு வந்த மீனவர்கள். கையில் கயிறோடு நின்ற பெரியவர் மாடியைப் பார்த்துக் கேட்டார்: "யாருக்கு சார் உயிர் போவுது?"

"அக்காவுக்கு. டயாலிசிஸ் பேஷண்ட். முன்னாடியே ஏன் வரலை?"

"அப்போ நல்லா பாடிக்கினு, கை தட்டிக்கினு இருந்தீங்க. யாருக்கோ பர்த்டே போலன்னு போய்ட்டோம். இப்போ நீ கத்துன பாரு சார் ஒரு கத்து, வயிறு கலங்கிப்போச்சு. அதான் திருப்பினேன்."

நாற்காலியோடு அக்காவைப் படகில் இறக்கினோம். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே அக்கா அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் குரலுக்கும் ஸ்தோத்திரம்" என்றார். என் பாட்டை உலகத்தில் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

தாம்பரம் மருத்துவமனையில் ஜெனரேட்டரில் ஓடிய இயந்திரம் அவரை மீட்டது. அதற்குப் பிறகு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வருடங்களில் மகளின் திருமணத்தைப் பார்த்தார். படிக்கட்டில் புதிய தொட்டிகள் வைத்தார். ஆனால் மழைக்காலம் வந்தால் நாற்காலி படிக்கட்டைப் பார்த்தபடிதான் இருக்கும். பயம் போய்விட்டதென்று அவர் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை.

போன வருடம் இதயம் தளர்ந்தது. இனி இயந்திரத்தில் போட்டால் தாங்க மாட்டார், போடாவிட்டாலும் தாங்க மாட்டார் என்றார்கள். இந்த முறை வெளியே தண்ணீர் இல்லை, நல்ல வெயில். உள்ளே மட்டும் ஏறியது.

அந்த நாட்களில் உடனிருந்தவர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அக்காவை மகளைப்போல் துடைத்து உடுத்திவிட்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்கள். மாமா பட்டினி கிடக்காதபடி இட்லியோடு வந்த எதிர்வீட்டுக்காரர் (ஆம், பைக்குக்காரர்தான்). படுக்கையைச் சுற்றி ஜெபித்த சபையார். நேரம் பார்க்காமல் வந்து நின்ற ஆட்டோ அண்ணன். விடுப்பு இல்லாமலும் ஓடி வந்த மகளும் மருமகனும். பெயர் கேட்க மறந்துபோன அந்தப் படகுப் பெரியவர். உங்கள் எல்லோருக்கும், அக்காவின் வழக்கப்படி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வீட்டில் ஸ்தோத்திரம் செலுத்தினோம். படகுக்காரருக்கு மட்டும் "அந்தக் கயிறு பிடித்தவர்" என்று சொன்னோம். ஆண்டவருக்கு விளங்கியிருக்கும்.

கடைசி நாள் பிற்பகல். மாமா அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வார்டில் எங்கோ ஒரு கட்டில் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. டம். நிறுத்தம். டம். அக்காவும் கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து, என் சட்டையைத் தேடிப் பிடித்தார். சொல்வதற்கு ஒரு ஜோக்கை மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. குனிந்து, "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா, பாடு."